எருமைக் கன்றுக்கு எந்தக் கூரை?



போன சித்திரையில் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு அக்கா, "எருமை பாலே விடமாட்டேங்குது, இந்த மாசத் தவணையை எப்படிக் கட்டுறதுன்னு தெரியல" என்றார். விசாரித்தால் கன்று செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கன்று முட்டாமல் பல எருமைகள் பால் சுரக்காது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கன்று போனால் பாலும் போச்சு. வங்கித் தவணை மட்டும் நிற்காது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயலில் பழைய கீற்றுக் கொட்டகை பறந்துபோக, கடன் வாங்கித் தகரம் போட்டிருக்கிறார். நிமிர்ந்தால் தலை இடிக்கிற உயரம். மூணு பக்கமும் சுவர். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கன்று எந்த நோயில் செத்தது என்று டாக்டர் பார்க்கவில்லை. அதனால் சூடுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிஷம் நம்மால் நிற்க முடியாத இடத்தில் அந்தக் கன்று பகல் முழுக்கக் கட்டிக் கிடந்திருக்கிறது.

எருமைக்குக் கறுப்புத் தோல், வெயிலை அப்படியே இழுக்கும். முடியும் குறைவு. பசு மாட்டைவிட வியர்வைச் சுரப்பிகளும் ரொம்பக் குறைவு. அதனால்தான் பெரிய எருமை குளத்தைத் தேடிப் போய்ச் சேற்றில் படுக்கிறது. கட்டிப் போட்ட கன்று எங்கே போகும்? அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 டிகிரி. வெளிக்காற்றே 100 டிகிரியைத் தொட்டால், அது தன் சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்கும்? மூச்சிரைத்து இரைத்துத்தான் ஆற்றப் பார்க்கும். தீனியில் மனசு போகாது, வளர்ச்சி நிற்கும். அந்த நேரத்தில் கழிச்சலும் கண்டால் தாங்காது.

தகரம் வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே இருக்கிற கன்றின் முதுகில் இறக்குகிறது. சிமெண்ட் ஷீட் கொஞ்சம் தேவலை. நாட்டு ஓடு அதைவிட நல்லது, இடுக்கு வழியாகக் காற்று போய்வரும். கீற்றுக்கும் பனையோலைக்கும் நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் சூடு லேசில் இறங்காது. பகல் நேரத்தில் நல்ல வேப்பமர நிழல் இது எல்லாவற்றையும் மிஞ்சும்.

கல்லிலேயே மரச்சட்டம் மாதிரி செதுக்கின கொடுங்கையைப் பார்க்க நம்ம ஆத்மநாதர் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கூரைக்குப் பேர்போன ஊரில் நாம் கொட்டகைக் கூரையைக் கடைசியில்தான் யோசிக்கிறோம்!

தகரம் போட்டவர்கள் பிரிக்க வேண்டாம். ஷீட்டுக்கு மேலே கீற்றைப் பரப்பிக் காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் கோடைக்கு முன்னால் மேல்பக்கம் கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சிமெண்ட் ஷீட் மேல் ஏறி நிற்காதீர்கள். உடைந்து விழுந்தால் ஆளுக்கே ஆபத்து. சுவரை மூணு அடிக்கு மேல் திறந்து விடுங்கள். கீற்றுக் கொட்டகை என்றால் பக்கத்தில் அடுப்பும் சாணிப் புகையும் வேண்டாம்.

புதுசாகப் போடுகிறவர்கள் கிழக்கு மேற்காக நீளம் வையுங்கள், வெயில் உள்ளே விழுவது குறையும். ஓரத்தில் எட்டு அடி, நடுவில் பத்து அடிக்கு மேல் உயரம் இருக்கட்டும். கடன் மனுவில் எருமை விலையை மட்டும் எழுதாமல், கொட்டகைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உச்சி வெயிலில் கன்றை மரத்தடிக்கு மாற்றி, இரண்டு தடவை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். காற்றோட்டம் இருக்கிற இடத்தில் ஊற்றினால்தான் பலன். அடைத்த கொட்டகைக்குள் ஊற்றினால் புழுக்கம்தான் கூடும். குடிக்கவும் சுத்தமான தண்ணீர் எப்போதும் எட்டுகிற இடத்தில் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். இளங்கன்றுக்கு ஈரமும் வாடையும் ஆகாது. வடக்குப் பக்கம், கிழக்குப் பக்கம் ராத்திரியில் சாக்குப் படுதா கட்டுங்கள், தரையில் காய்ந்த வைக்கோல் போடுங்கள். ஒருமுறை கன்று உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி நம் கண்ணை எரித்தால், அதன் நெஞ்சுக்கு எப்படி இருக்கும்?

கன்று நாக்கை நீட்டி இரைத்தாலோ, எச்சில் ஒழுகி எழுந்திருக்காமல் கிடந்தாலோ உடனே நிழலுக்கு மாற்றி நனையுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கன்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் கன்றின் விலா ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, என்ன கூரை என்பதையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குழுவில் எல்லாருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.