மசுக்குட்டி ஏறிய மரத்தை என்ன செய்வது?

மாரி மழை தொடங்கிச் சில கிழமை போனால், வன்னியில் பள்ளிக்கூட வேலியிலோ முன்பள்ளி முற்றத்திலோ நிற்கும் முருங்கையின் அடிமரம் கபில நிறக் கம்பளி போர்த்தது போலாகிவிடும். அவ்வளவும் மசுக்குட்டி, மேலில் பட்டால் அரிக்கும் மயிர்ப்புழு. உடனே ஒருவர் மரத்தைத் தறிக்கச் சொல்வார், இன்னொருவர் மருந்தடிக்கச் சொல்வார். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

முதலில் எது தின்கிறது என்று பாருங்கள். முருங்கை மசுக்குட்டி இரவில் மேலேறி இலை தின்னும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். முள்ளியவளைப் பக்கத்துத் தேக்கங்காடுகளிலும் வீதியோரத் தேக்குகளிலும் வருவது வேறு ஆள். அதற்கு அடர்ந்த மயிர் கிடையாது, அரிப்பும் தராது. ஒருவகைத் தேக்குப்புழு தளிரை நடுநரம்பு மட்டும் மிஞ்சத் தின்னும். மற்றது முற்றிய இலையைச் சல்லடையாக்கும். தேக்குப்புழு நூலில் தொங்கி வழிப்போக்கரின் தலையில் விழுவதால் பயமுறுத்தும், அவ்வளவுதான். மொட்டையான தேக்கு மறுபடி துளிர்க்கும். நிலம்பூரில் கேரள வன ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில், புழு தின்ற இளந்தேக்குகள் மரக் கனவளவில் 44 சதவீத வளர்ச்சியை இழந்தன. மரம் விற்பவருக்கு அது பெரிய நட்டம். வீதியோரத் தேக்கை யாரும் விற்கப்போவதில்லையே, விட்டுவிடுங்கள்.

மசுக்குட்டியை அப்படி விடமுடியாது, பிள்ளைகள் ஓடித்திரியும் இடமென்றால். மரத்தைச் சுற்றி நாலைந்து யார் தூரத்துக்குக் கயிறு கட்டி, ஊஞ்சலையும் வாங்கிலையும் அப்பால் நகர்த்துங்கள். பிரதேச சபைக்கோ நகரசபைக்கோ அறிவியுங்கள். பொது இடத்து மரத்தில் நாமாகக் கைவைப்பது சரியில்லை. புழு எதுவென்று தெளிவில்லையென்றால் மூடியுள்ள போத்தலில் ஒன்றிரண்டைப் பிடித்துக் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். கிளிநொச்சிக்காரருக்கு அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கிறது.

அகற்றுவதற்கு ஏற்ற நேரம் பகல்தான், அவை கூட்டமாக இருக்கும்போது. நீளக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, மூக்கை மூடத் துணி. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சவர்க்காரத்தூள் கரைத்து முதலில் கூட்டத்தின் மேல் தெளியுங்கள். நனைந்தால் மயிர் பறப்பது குறையும். பிறகு நீளத் தடியில் கட்டிய தும்புத்தடியால் வழித்து, கீழே விரித்த தறப்பாளில் விழுத்தி, சவர்க்காரத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். காற்றடிக்கும் நேரம் வேண்டாம். இலைகளில் முட்டைக் குவியலோ சிறு புழுக்களோ தெரிந்தால் அந்தக் கிளையை மட்டும் கொக்கத்தடியால் முறித்து இறக்கினால் போதும்.

தீப்பந்தம் பிடிப்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டு விவசாயப் பரிந்துரைகளிலும் அது உண்டு. ஆனாலும் பொது இடத்தில் நான் அதை விரும்பமாட்டேன். பட்டை கருகும், சூட்டுக் காற்றோடு மயிரும் கிளம்பும், வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளும் கூடிவிடுவார்கள்.

மயிர் மேலில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்து மயிரை எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மருந்து? உயர்ந்த மரத்துக்கு அடிக்கும் விசிறலில் பாதி காற்றோடு போய்ப் பக்கத்துக் கிணற்றிலும் குளத்திலும் விழும். செண்பகமும் சுடலைக்குயிலும் மயிர்ப்புழுவைத் தேடித் தின்பவை. முசுறும் சிறு புழுக்களை இழுத்துக்கொண்டு போகும். மருந்து அவற்றையும் சேர்த்தே தாக்கும். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய போத்தலைத் திறக்கவே வேண்டாம்: மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. கைக்கெட்டும் சிறு மரமென்றால், ஒரு லீற்றருக்கு 50 கிராம் வேப்பம்பருப்புத் தூளை இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளிக்கலாம். குஞ்சுப் புழுவுக்குத்தான் அது கேட்கும்.

மருந்தில்லாமலே அடங்கிய வேறு பூச்சியும் உண்டு. பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் பஞ்சு போலப் படரும் வெண்மூட்டுப் பூச்சி 2008இல் நாட்டுக்குள் வந்தபோது, அதை அடக்கியது மருந்தல்ல. அடுத்த ஆண்டு விவசாயத் திணைக்களம் கொண்டுவந்து விட்ட, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு சிறு குளவி. அதே பஞ்சு உங்கள் பூங்காவில் மீண்டும் தெரிந்தால், தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவிவிட்டுக் குளவிக்கு இடம் விடுங்கள்.

மசுக்குட்டி வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மரத்தடியைக் கிளறிவிட்டால் கோழியும் பறவையும் பொறுக்கும். ஆனால் வன்னியில் இதை யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து பத்தாண்டு கடந்தும் கண்ணிவெடி அகற்றினார்கள். நெடுங்காலம் ஆள் புழங்காத நிலத்தில் மண்வெட்டி போடாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். ஏதாவது உலோகம் தட்டுப்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

எந்த மரத்தில், எந்தத் திகதியில் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த மாரியின் முதல் மழைகளுக்குப் பிறகு, அந்த இடத்து மின்விளக்கைச் சுற்றிப் பெரிய மஞ்சட்கபில அந்துப்பூச்சிகள் வருகின்றனவா என்று இரவில் பாருங்கள். வந்தால், மறுநாள் தொடங்கி அந்த மரத்து இலைகளில் முட்டைக் குவியல் தேடவேண்டும்.