செயற்கை மூட்டுக்கும் ஒரு பதிவேடு

சங்க அன்பர்கள் தண்டவாளத்தின் அருகே நின்றிருந்தால், அதன் பக்கவாட்டில் புடைப்பாகச் சில எழுத்துகள் இருப்பதைக் கவனித்திருக்கலாம். செய்த ஆலை, எடை, மாதம், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். வார்ப்பு எண்ணும் பொறித்திருப்பார்கள். ஓரிடத்தில் தண்டவாளம் முறிந்தால், அதே வார்ப்பில் வந்தவை வேறெங்கே கிடக்கின்றன என்று பதிவேட்டைப் புரட்டுவோம். (யார்மேல் பழி போடுவது என்பது அப்புறம், அதற்குத்தான் ஆபீஸ் இருக்கிறதே!)

மனித உடம்பில் பொருத்தும் மூட்டுக்கு இம்முறையை நாடு தழுவிக் கையாண்டு வழிகாட்டியது சுவீடன். முழங்காலுக்கு 1975இலும் இடுப்புக்கு 1979இலும் அங்கே பதிவேடு தொடங்கினார்கள். யாருக்கு, எந்த மாதிரி மூட்டு, எந்த ஆஸ்பத்திரியில் பொருத்தப்பட்டது, மறுபடி எப்போது கழற்றப்பட்டது என்பதுதான் கணக்கு. ஒரு டாக்டரிடம் இரண்டு மூன்று பேர் வலி என்று திரும்பி வந்தால் தற்செயல் என்றே தோன்றும். நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால்தான் குறை பொருளிலா, கையிலா என்று தெரியும்.

டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு இதற்குச் சாட்சி. உலோகத்தோடு உலோகம் உராயும் அமைப்பு அது. கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தன. ஆஸ்திரேலியப் பதிவேடு 2007லேயே இதைச் சுட்டிக்காட்டியது. இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டின்படி ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குப் 12, 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள்.

நம் நாட்டில் சுமார் 4,700 பேருக்கு அதைப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு 2018இல் அறிக்கை தந்தபோது, தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். முறிந்த தண்டவாளத்துக்கு ஜோடி தேடிய எனக்கு இது ஜீரணிக்கவில்லை. இரும்புக்கு இருந்த விலாசம் மனிதனுக்கு இல்லாமல் போயிற்று! இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை நிபுணர்கள் சங்கம் 2006இல் ஒரு பதிவேடு தொடங்கியது. ஆனால் அது டாக்டர்கள் தாமாக முன்வந்து எழுதும் ஏற்பாடு.

மூட்டு வரும் பெட்டியிலேயே மாதிரி எண், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒட்டுவதற்காக வைத்தவை. நாமும் ஒன்று கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்தலாம். பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் முழங்கால் மாற்றிக்கொண்ட ஓர் அம்மாளிடம் இதைச் சொன்னேன். பழைய பில்களைக் கிளறி, டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டுகளைக் காட்டினார்.

"மருந்து விலைச் சீட்டுன்னு நினைச்சேன் தம்பி, கிழிச்சுப் போட இருந்தேன்" என்றார்.