மீனுக்காக வாங்கிய பண்ணை

அன்புள்ள கயல்விழிக்கு,

மீன்களைக் காப்பாற்ற அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைகளையே விலைக்கு வாங்குகிறார்கள் என்று படித்துவிட்டு, “அப்படியென்றால் பணம் இருந்தால் போதுமா மாமா, எந்த ஆற்றையும் காப்பாற்றிவிடலாமா?” என்று கேட்டு எழுதியிருந்தாய். போதாது என்பதுதான் என் பதில். அதற்காகப் பணத்தைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். பணம் எதை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பண்ணையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தின் வட கோடியில் சாஸ்தா என்றொரு எரிமலை இருக்கிறது. அதன் உச்சி 14,000 அடிக்கும் மேல். அங்கே பெய்யும் பனி உருகி, எரிமலைப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் வெகுகாலம் பயணம் செய்து, அடிவாரத்துச் சமவெளியில் ஊற்றுகளாகப் பொங்குகிறது. கோடையானாலும் குளிர்காலமானாலும் அந்த ஊற்றுநீரின் வெப்பம் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கும். இந்த ஊற்றுகளில் பிறப்பது பிக் ஸ்பிரிங்ஸ் என்னும் ஓடை. நான்கு கிலோமீட்டர்கூட ஓடாமல் சாஸ்தா ஆற்றில் கலந்துவிடுகிறது. சாஸ்தா ஆறு கிளமத் ஆற்றில் சேர்ந்து பசிபிக் கடலை அடைகிறது.

இவ்வளவு சின்ன ஓடைக்கு ஏன் இத்தனை மதிப்பு? கோஹோ சால்மனின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். ஆற்றுக் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு உடனே கடலுக்குப் போய்விடாது. ஓராண்டுக்கு மேல் ஆற்றிலேயே வளரும். பிறகு கடலுக்குப் போய், பெரும்பாலும் மூன்றாம் வயதில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும். ஆக, ஒவ்வொரு குஞ்சும் ஒரு முழுக் கோடையை ஆற்றில் கழித்தாக வேண்டும். அந்த நாட்டில் கோடை வறண்டது, சுட்டெரிப்பது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் குஞ்சுகள் திணறும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த ஊற்று இருக்கும் இடத்தில்தான் அவை பிழைக்கும்.

1930களின் தொடக்கத்தில் இந்தச் சாஸ்தா ஆற்றுக்கு ஒரே ஆண்டில் சினூக் என்னும் வேறொரு வகைச் சால்மன்கள் 80,000க்கும் மேல் ஏறி வந்ததாகக் கணக்கு இருக்கிறது. பிறகு மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. 1928இல் கட்டி முடித்த டுவினல் அணை மேல் ஆற்றுக்குச் செல்லும் வழியை அடைத்திருந்தது. பாசனத்துக்கு எடுத்த நீர் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. 1997இல் அந்தப் பகுதிக் கோஹோ சால்மனை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிராகக் கூட்டரசு பட்டியலிட்டது.

பிக் ஸ்பிரிங்ஸ் ஓடை ஓடியது ஒரு தனியார் மாட்டுப் பண்ணைக்குள். பரப்பு ஏறத்தாழ 4,500 ஏக்கர். 2009இல் ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. வாங்கியதும் செய்த முதல் வேலை மிகச் சாதாரணமானது: ஓடையின் இரு கரையிலும் வேலி போட்டு, மாடுகள் தண்ணீருக்குள் இறங்காமல் தடுத்தார்கள்.

அதுவரை மாடுகள் கரையை மிதித்து உடைத்திருந்தன. ஓடை அகன்று, ஆழம் குறைந்து, தட்டுத் தண்ணீராகப் பரவிக் கிடந்தது. தட்டில் ஊற்றிய பாலைப் போல, பரந்து கிடக்கும் தண்ணீர் வெகு சீக்கிரம் வெயிலின் சூட்டை ஏற்கும். இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஓடைக்குள் வளரும் நீர்ச்செடிகளை மாடுகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. இதனால் 12 டிகிரியில் பிறந்த நீர், சில கிலோமீட்டர் போவதற்குள் கோடை நடுப்பகலில் 20ஐத் தாண்டிவிடும்.

வேலி வந்ததும் நீர்ச்செடிகள் மளமளவென்று எழும்பின. அந்த ஊற்றுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இயற்கையாகவே மிகுதி; செடிக்கு உரம் போட வேண்டியதில்லை. அடர்ந்த செடிகள் ஓடையை இடுக்கின. தண்ணீர் மட்டம் உயர்ந்தது. இலைகள் நீருக்கு நிழல் தந்தன. பூச்சிகள் பெருகி மீன்குஞ்சுக்கு இரையாயின. கோடை உச்ச வெப்பம் சில டிகிரி இறங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இதை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தார்கள். கரையில் மரம் நட்டு அது நிழல் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். நீர்ச்செடிக்குச் சில பருவங்களே போதுமாயிருந்தன.

இங்கே நீ கவனிக்க வேண்டியது ஒன்று. 4,500 ஏக்கர் வாங்கினார்கள் என்பது பத்திரத்துக்கான கணக்கு. மீனுக்குக் குறைவாயிருந்தது குளிர்ந்த நீர். அந்தக் குறையைத் தீர்க்கும் சாவி அந்தப் பண்ணைக்குள் இருந்தது. அதனால்தான் அதை வாங்கியதில் பொருள் உண்டு. பத்து மடங்கு பெரிய வேறொரு பண்ணையை வாங்கியிருந்தாலும் கோஹோவுக்குப் பயன் இருந்திராது. எந்த உயிருக்காக, அதற்கு எது இல்லாததால் என்று கேட்காமல் ஏக்கர் எண்ணிக்கையைக் கண்டு வியக்காதே.

அடுத்தது தண்ணீர் உரிமை. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் நிலமும் நீரும் எப்போதும் ஒரே பொட்டலமாக வருவதில்லை. யார் முதலில் ஆற்றுநீரை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினாரோ அவருக்கே முதல் பாத்தியம். வறட்சி வந்தால் பிந்தியவர் முதலில் நிறுத்த வேண்டும். நெடுங்காலம் பயன்படுத்தாவிட்டால் உரிமையே போய்விடலாம். ஆகவே, பண்ணையை வாங்கியவர் நல்லெண்ணத்தோடு மதகை அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அவர் விட்ட தண்ணீரைக் கீழே இருப்பவர் எடுத்துக்கொள்வார்; மீனுக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. 1991இல் கலிபோர்னியா தன் தண்ணீர்ச் சட்டத்தில் 1707ஆம் பிரிவைச் சேர்த்தது. தன் பங்கு நீரை மீனுக்கும் வனவிலங்குக்குமாக ஆற்றிலேயே விட்டுவைக்க உரிமையாளர் அனுமதி பெறலாம் என்கிறது அது. விட்டுவைப்பதும் ஒரு பயன்பாடு என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்கிய பண்ணையின் நீரால் ஆற்றுக்கு உதவ முடிந்தது.

அப்படியும் ஆறு முழுவதும் கைக்குள் வந்துவிடவில்லை. 2022 ஆகஸ்டில் கடும் வறட்சி. தண்ணீர் எடுக்கக் கூடாது என்று மாநிலம் போட்டிருந்த தடையை மீறி, சாஸ்தா பள்ளத்தாக்கின் பண்ணையாளர் சங்கம் ஒன்று ஏறத்தாழ ஒரு வாரம் மோட்டார் போட்டு நீர் இறைத்தது. ஆற்றின் ஓட்டம் மூன்றில் இரு பங்கு வரை குறைந்தது. அபராதம் மொத்தம் 4,000 டாலர். பங்கு பிரித்தால் ஆளுக்கு அற்பத் தொகை. அவர்கள் பக்கமும் நினைத்துப் பார். மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீரும் தீவனமும் இல்லை என்பது அவர்களுடைய முறையீடு. பக்கத்து வீட்டுக்காரர் பகையாக இருக்கும்வரை எந்தப் பண்ணையை வாங்கினாலும் ஆற்றின் ஒரு துண்டுதான் நம் கையில்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கிரயத்தோடு நிற்பதில்லை. ஐடஹோ மாநிலத்தில் சில்வர் கிரீக் என்ற ஊற்று ஓடை உண்டு. எழுத்தாளர் ஹெமிங்வேயின் மகன் ஜாக் தூண்டுதலாக இருந்து, 1976இல் அதன் கரையில் கொஞ்சம் நிலத்தை இதே அறக்கட்டளை வாங்கியது. பிறகு சுற்றியிருந்த பண்ணையாளர்களோடு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும். உழுவார், மாடு வளர்ப்பார், பிள்ளைக்கும் எழுதி வைப்பார். மனை போட்டு விற்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிடுவார். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழில் ஏறிய பதிவைப் போல, அடுத்து வாங்குபவரையும் அது கட்டும். பத்திரத்தில் வாங்கியதைவிடப் பல மடங்கு நிலம் இந்த வழியில் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

மாடுதான் எதிரி என்றும் முடிவு கட்டிவிடாதே. மொன்டானா மாநிலத்தில், சொந்த நிலமும் குத்தகை நிலமுமாக 60,000 ஏக்கர் அளவுள்ள மாட்டடார் பண்ணையை 2000இல் அதே அறக்கட்டளை வாங்கியது. அங்கே மாட்டை விரட்டவில்லை. அக்கம்பக்கத்து மாடுகளையே உள்ளே அழைத்தது. மேய்ச்சல் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. பதிலுக்கு அந்தப் பண்ணையாளர்கள் தங்கள் சொந்த நிலத்தின் பூர்விகப் புல்வெளியை உழுது அழிக்கக் கூடாது. அங்குள்ள காட்டுயிர்களுக்கு இடம் விட வேண்டும். ஒரு காலத்தில் காட்டெருமைகள் மேய்ந்து உருவான புல்வெளி அது. சில பறவைகளுக்குக் குட்டைப் புல் வேண்டும், சிலவற்றுக்கு நெட்டைப் புல். முறையாக மேய்த்தால் மாடே அந்த வேலையைச் செய்யும். சாஸ்தா ஓடையில் கேடு செய்த அதே பிராணி மொன்டானாவில் கூட்டாளி. இடத்துக்கு ஏற்ற மருந்துதான் பலிக்கும்.

செலவு யாருடையது என்ற கேள்வியும் உனக்கு வரும். அறக்கட்டளை கையில் ரொக்கம் இருந்தால், பண்ணை விற்பனைக்கு வந்தவுடன் முந்திக்கொள்ளும். அரசுக் கோப்பு நகர நாளாகும். ஆகவே பல இடங்களில் அறக்கட்டளைகள் முதலில் வாங்கி வைத்து, பின்னர் அரசிடம் ஒப்படைக்கின்றன; பிக் ஸ்பிரிங்ஸ் பண்ணையும் பிற்பாடு மாநில மீன்-வனவிலங்குத் துறையின் கைக்கு வந்துவிட்டது. கொலம்பியா ஆற்றுப் பகுதியில் வேறொரு ஏற்பாடு. அணைகளால் மீனுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மின்சாரம் விற்ற வருமானத்திலிருந்து அந்தப் பணம் வருகிறது.

இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்றைத் தேடிப் படி. எந்த உயிருக்கு எது குறைவு, அது வாங்கிய நிலத்துக்குள் இருக்கிறதா? நிலத்தோடு தண்ணீரும் சேர்ந்து வந்ததா, சட்டம் அதை ஆற்றில் விட்டுவைக்க விடுகிறதா? வேலிக்கு அப்பால் இருப்பவர்களோடு என்ன ஏற்பாடு? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடைசியாக ஒன்றையும் விசாரி. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் பெயரைச் செய்தித்தாளே போட்டுவிடும். பத்தாவது ஆண்டில் அறுந்த வேலியைக் கட்டப் போகிறவர் யார், அவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை நீதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
மாமா