சைக்கிள் யாத்திரையும் மனநலமும்

கால் முறிந்தவனைக் கண்டால் நாம் இரங்குகின்றோம்; உள்ளம் தளர்ந்தவனைக் கண்டாலோ கோழை என்று இகழ்கின்றோம். மனச்சோர்வும் ஒரு நோயே என்பதை உணராமையே இதற்குக் காரணமாம்.

கனடா தேசத்துக் கிளாரா ஹியூஸ் அம்மையாரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். இவர் 1996-ஆம் ஆண்டில் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டி இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். அவ்வெற்றிக்குப் பின்னரே மனச்சோர்வு அவரைப் பற்றியது. தேகபலமும் புகழும் அதனைத் தடுத்தில. அதனின்று தேறிய அவர், 2006-இல் பனிக்கட்டியின்மீது சறுக்கியோடும் பந்தயத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

2014-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் தேதி டொராண்டோ நகரில் சைக்கிளேறிய அம்மையார், கனடாவின் எல்லா மாகாணங்களுக்கும் சென்று, 110 நாட்களில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் கடந்து, ஜூலை 1-ஆம் தேதி ஒட்டாவாவை அடைந்தார். வழியிலுள்ள ஊர்களில் பள்ளிச் சிறாரிடமும் பெரியோரிடமும் தம் நோயை ஒளியாது உரைத்தார். ஊராரும் மனநலப் பணிக்குப் பொருள் திரட்டினர்.

விமானத்திற் செல்வோர் ஊர்களைக் கடந்துவிடுவர். சைக்கிளிற் செல்வோர் ஊர்தோறும் இறங்கித் தங்கியே ஆகவேண்டும். தங்குமிடத்திற் பேச்சுப் பிறக்கும். பேச்சினால் நாணம் அகலும். நாணம் அகன்றால் நோயாளி மருத்துவரை நாடுவான். இவ்வூர்தியின் தனிப்பயன் இதுவேயாம். சைக்கிள் ஓட்டுதல் மனத்திற்கு ஊக்கந் தருமாயினும், கடுமையான நோய்க்கு அதுமட்டும் மருந்தாகாது.

மாணாக்கர்காள்! இத்தகைய பணிக்குப் பொருளீவது நன்று. விடுதியில் உடனுறையும் தோழன் தன் துயரைச் சொல்லத் தொடங்கும்போது, நகையாது கேட்டு, அவனை மருத்துவரிடம் அழைத்தேகுதல் அதனினும் நன்று. அதற்குச் சைக்கிளும் வேண்டுவதில்லை.