விளையாட்டு நமக்கும் உண்டு!



செல்போன் கேம் என்றாலே, "டுமீல் டுமீல்னு சுடறதுதானே, புள்ளைங்க கெட்டுப் போகுதுங்க" என்போம். காவேரிப்பட்டினம் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவரும் அப்படித்தான் சொல்லி வந்தார். மகளின் போனில் ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டை ஆடிப் பார்த்த பிறகு, "அடுத்து எது எங்க விழும்னு யோசிக்கணும், நம்ம பல்லாங்குழி மாதிரிதாங்க" என்றார். வீட்டிலோ, "பொம்பளைக்கு என்ன விளையாட்டு?" என்று கேட்டார்களாம். இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

ஏன் பிடிக்கிறது?

விதி சுலபம். தோற்றாலும் மறுபடி ஆடலாம், யாரும் திட்டுவதில்லை. ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் கடினமாகும், அதைத் தாண்டினால் மனசுக்கு ஒரு தெம்பு. 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பாஜிட்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இப்படிப்பட்டதுதான். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். 1997-ல் நோக்கியா போனில் வந்த பாம்பு விளையாட்டும் இதே வகை. இவற்றில் துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை.

இட்லி சுடும் விளையாட்டு

2023-ல் 'வெண்பா' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. கனடாவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் கதை. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடித்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். தமிழ் பேசத் தயங்கும் மகனுக்கும் அம்மாவுக்கும் உள்ள பாசமும் வருத்தமும் கதையில் வருகிறது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. நாம் தினமும் செய்யும் அடுப்படி வேலைக்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்று உலகமே ஆடிப் பார்த்தது!

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

- பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவை வேறு. அங்கே தோற்றால் போவது நம் சேமிப்பு, நம் கடன் தவணை. இவற்றைத் தடுக்க 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றின.
- இலவச விளையாட்டிலும் "உயிர் தீர்ந்தது, வாங்கு" என்று கேட்கும். வாங்க வேண்டாம். காத்திருந்தால் தானாக வரும்.
- வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., ரகசிய எண் எதையும் கொடுக்கக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.
- நேரத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். அரை மணி என்றால் அரை மணிதான்.

குழுவில் பேசுவோம்

1. ஒரு நாளில் நமக்கே நமக்கென்று எவ்வளவு நேரம் கிடைக்கிறது?
2. தாயம், பல்லாங்குழி ஆடுவதை நாம் எப்போது, ஏன் விட்டோம்?
3. நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோமா?

ஆண்கள் டீக்கடையில் கேரம் ஆடினால் அது பொழுதுபோக்கு, நாம் ஆடினால் மட்டும் வெட்டி வேலையா? பணம் போகாமல், அடுத்தவரை அடிக்காமல், அரை மணி நேரம் மூளைக்கு வேலை கொடுப்பதில் தப்பே இல்லை சகோதரிகளே. அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கேள்விக்கான பதிலோடு வாருங்கள்.