கடும்புயலும் கானக நாற்றும்

பெருங்காற்றினால் வீழ்த்தப்பட்ட கானகத்தை மறுநாட் காலையிற் காண்பவர், 'இக்காடு இனி இல்லை' என்றே கூறுவர். இலையிழந்த கிளைகளும், வேரோடு சாய்ந்த அடிமரங்களும், குவிந்து கிடக்கும் தழையுமே அவர் கண்ணிற்படும். அவ்விடத்தையே இருபது முப்பது ஆண்டு கழித்துக் காண்பவரோ, அங்குப் புயலடித்ததென்பதைப் பிறர் சொல்லியே பெரும்பாலும் அறிவர். இவ்விரு காட்சிகட்கும் இடையே நிகழ்வது யாது? புதுக்காடு எங்கிருந்து வருகின்றது? இதனை அறிய விரும்புவோர் குனிந்து நிலத்தை நோக்குதல் வேண்டும். முழந்தாளளவும் உயராத நாற்றுக்களும், கைத்தடியளவே பருத்த இளமரங்களும் அவ்வினாவிற்கு விடை பகர்வன. நெடுங்காலமாக நன்கு ஆராயப்பட்ட காடொன்றைச் சான்றாகக் கொண்டு அவ்விடையை ஈண்டுக் காண்போம்.

காடும் அதன் மரங்களும்

கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரீக்கோத் தீவின் வடகீழ்ப் பகுதியில் லூக்கியோ மலைகள் உள்ளன. கீழ்க்காற்று கடலினின்றும் கொணரும் நீராவி இம்மலைகளில் மோதி மழையாகப் பொழிகின்றது. மலைச்சரிவிலுள்ள எல் வெர்தே என்னுமிடத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஸ்பானிய அரசினர் 1876ஆம் ஆண்டிலேயே இம்மலைக்காட்டைக் காக்கத் தலைப்பட்டனர். 1903இல் அஃது அமெரிக்க ஐக்கிய நாட்டின் காப்புக்காடாயிற்று. எல் வெர்தேயில் சிறு நிலமொன்றின் மரங்கள் 1943 முதல் அவ்வப்போது அளக்கப்பட்டு வந்தன. 1988இல் நெடுங்கால ஆராய்ச்சித் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. அதற்கடுத்த ஆண்டே, 1989 செப்டம்பர் 18ஆம் நாள், ஹ்யூகோ என்னுங் கடும்புயல் அக்காட்டைத் தாக்கிற்று. பின்னர் 1990இல் 16 ஹெக்டேர் நிலம் எல்லையிடப்பட்டு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது பருத்த ஒவ்வொரு தண்டும் எண்ணிட்டு அளக்கப்படலாயிற்று. ஏறத்தாழ ஐயாண்டுக்கு ஒருமுறை அவ்வளவை மீண்டும் எடுக்கப்பெறுகின்றது. ஆதலின் இக்காட்டைப்பற்றி நாம் கூறுவன ஊகமல்ல. மரத்துக்கு மரம் எழுதிவைத்த கணக்கினின்றும் பெறப்பட்டன.

அங்குள்ள மரவகைகள் பலவற்றுள் நான்கினை மட்டும் நாம் நினைவிற் கொண்டால் போதும். முதலாவது தபோனூக்கோ. மணமுள்ள பிசினைச் சுரக்கும் இம்மரம் நம் நாட்டுக் கருங்குங்கிலியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலைமுகடுகளில் பாறைகளைப் பற்றிக்கொண்டு, ஒன்றன் வேர் மற்றொன்றன் வேரோடு ஒட்டி இணைய நிற்பது. இரண்டாவது அவுசூபோ. இது நம் பாலைமரத்தின் இனம். மிக்க வலியும் கனமும் வாய்ந்த வைரமுடையது. மூன்றாவது சியர்ரா பனை என்னும் மலைப்பனை. நான்காவது யாக்ரூமோ. அகன்ற இலையும், வெண்மையான இலைப்புறமும், உள்ளே துளைபட்ட தண்டும், எளிதில் முறியும் மென்மரமும் உடையது இது. முதல் மூன்றும் நிழலிற் பிறந்து வளரவல்லன. யாக்ரூமோவோ வெயிலையே வேண்டுவது.

நிழலிற் காத்திருத்தல்

புயலில்லாக் காலத்து அக்காட்டின் அடித்தளம் இருண்டு கிடக்கும். உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே நிலத்தை எட்டும். அத்துணைச் சிற்றொளியில் ஒரு நாற்று தான் ஈட்டும் உணவு, தான் உயிர்த்திருத்தற்கு வேண்டும் உணவினும் சிறிதே மிகும். ஆகவே அது வளர்வதில்லை என்று சொல்லுமாறு வளரும். ஆண்டிற்கு ஓரிரண்டு இலைகளை விடுத்து, பழையவற்றை நெடுநாள் காத்துக்கொள்ளும். அவுசூபோவின் விதை பெரிது. அவ்விதையினுள் தாய்மரம் வைத்த உணவே நாற்றின் முதன் முதலாகும். தாய்மரத்தின் அடியில் இந்நாற்றுக்கள் திரளாக முளைத்துப் பல்லாண்டுகள் அந்நிழலிலேயே நிற்கும். அவற்றுட் பெரும்பாலன பூச்சியாலும், பூஞ்சையாலும், மேலிருந்து விழுங் கிளையாலும் மடிகின்றன. மடியாதன காத்திருக்கின்றன. வணிகர் கருவூலத்தில் இருப்பு வைத்தல்போலக் காடு தன் அடித்தளத்தில் நாற்றிருப்பு ஒன்றை வைத்துள்ளது என்னலாம்.

மண்ணினுள் வேறோர் இருப்பும் உண்டு, அது விதையிருப்பு. யாக்ரூமோவின் விதை மிகச் சிறிது. வௌவாலும் பறவையும் அதன் கனியை உண்டு விதையை எங்கணும் இடுகின்றன. அவ்விதை நிழலில் முளைத்தால் உடனே மடியும். ஆதலின் அது முளையாது கிடக்கும். நிழலும் வெயிலும் ஒரு விதைக்கு எவ்வாறு புலனாகும்? பசிய இலைகள் ஞாயிற்றொளியிலுள்ள செந்நிறக் கதிரைப் பெரிதும் உட்கொண்டு, அதற்கப்பாற்பட்ட கடுஞ்சிவப்புக் கதிரைக் கீழே விடுகின்றன. இவ்விரு கதிர்களின் அளவுவேற்றுமையை உணரும் நிறப்பொருளொன்று இத்தகைய விதைகளில் உளது. தலைக்குமேல் இலையின்றிச் செங்கதிர் மிகுமாயின், 'வாயில் திறந்தது' என்று விதை அறிந்து முளைக்கத் தொடங்கும்.

புயலன்று நிகழ்ந்தது

ஹ்யூகோ கடந்த அன்று, ஓராண்டில் உதிரவேண்டிய தழையினும் மிகுதியான தழை ஒரே நாளில் நிலத்தில் விழுந்தது. எல் வெர்தேயில் பாதிக்கு மேற்பட்ட மரங்கள் இலையிழந்தன, பல முறிந்தன, சில வேரோடு சாய்ந்தன. ஆயினும் ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, இறந்த மரங்கள் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே இருந்தன. இலையிழத்தல் வேறு, இறத்தல் வேறு. மொட்டையாய் நின்ற மரங்கள் சில வாரங்களிலேயே தளிர்க்கலாயின. முறிந்த அடிகளும் பக்கக் கிளைகளை விட்டன. மலைப்பனையின் ஓலைகள் கிழிந்தனவேனும் அதன் தண்டு பெரும்பாலும் முறியவில்லை. குருத்தினின்றும் புத்தோலைகள் தோன்றின.

நாற்றுக்களுக்கோ அந்நாள் இருமுகமுடையது. வீழ்ந்த தழையும் கிளையும் அவுசூபோ நாற்றுக்கள் பலவற்றை நசுக்கியும் மூடியும் கொன்றன. தப்பியவையோ தம் வாழ்நாளில் அதுகாறும் காணாத ஒளியைக் கண்டன. பல்லாண்டு அசையாது நின்ற நாற்று, சின்னாளில் இலைகளைப் பெருக்கி மேனோக்கி விரைந்தது. அதே வேளையில் யாக்ரூமோ விதைகளும் அளவின்றி முளைத்தன. சாய்ந்த மரத்தின் வேர் பெயர்த்த புதுமண்ணில் அவை மிகுதியாகத் தோன்றின. தழை தடித்து மூடிய இடத்திலோ சிறு விதை முளைத்துத் தழையைத் துளைத்து வெளிவருதல் அரிதாயிற்று. ஆராய்ச்சியாளர் சிலவிடங்களில் தழையை அகற்றிப் பார்த்தபோது, அங்கு நாற்றுக்கள் மிகுந்தெழுந்தமை இதற்குச் சான்றாகும்.

ஆகவே புதுக்காடு மூன்று வழிகளில் எழுகின்றது: நின்ற மரங்களின் தளிர்ப்பு ஒன்று, காத்திருந்த நாற்றுக்களின் வளர்ச்சி மற்றொன்று, மண்ணிலிருந்த விதைகளின் முளைப்பு மூன்றாவது. இம்மூன்றனுள் முன்னவை இரண்டும் புயலுக்கு முன்னரே உயிரோடிருந்தவை என்பதும், மூன்றாவதும் பெரிதும் முன்னரே விதைக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கன. புயலுக்குப் பின் தோன்றுங் காடு பெரும்பாலும் புயலுக்கு முன்னரே அமைந்த காடாகும்.

விரைந்தோரும் நிலைத்தோரும்

வாயில் நெடுநாள் திறந்திருப்பதில்லை. தளிர்த்த மரங்களும், படர்ந்த கொடிகளும், பெருகிய பெரணிகளும், விரைந்தெழுந்த யாக்ரூமோக்களும் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்றரையாண்டிற்குள் நிலத்தை மீண்டும் நிழலாக்கின. அதற்குள் தலையுயர்த்திய யாக்ரூமோ பிழைத்தது, பிந்தியது மடிந்தது. முளைத்த எண்ணிறந்தவற்றுள் மரமாயினவை மிகச் சிலவே. அச்சிலவும் சில பத்தாண்டுகளே வாழ்வன. அவற்றின் நிழலில் தபோனூக்கோவும் அவுசூபோவும் மெல்ல வளர்ந்து, அவை வீழுங்கால் அவ்விடத்தைக் கைக்கொள்ளும். ஆயினும் யாக்ரூமோவைப் பயனற்றதென்று இகழ்தல் தகாது. புயலால் தழைகளினின்றும் வெளிப்பட்ட உரச்சத்து மழைநீரோடு அடித்துச் செல்லப்படாவண்ணம் அதனை விரைந்து உறிஞ்சி வைப்பனவற்றுள் அதுவும் ஒன்று.

புயலில் நாற்றுக்களை எழுப்பியது ஒளியா, வீழ்ந்த தழையா? இவ்வையத்தைத் தீர்த்தற்குப் புயலையே செயற்கையாக ஆக்கிக் காட்டினர். 2004, 2005ஆம் ஆண்டுகளில் எல் வெர்தேக் காட்டில் நால்வகை நிலங்கள் அமைக்கப்பெற்றன. ஒருவகையிற் கிளைகளை வெட்டித் தழையை அங்கேயே பரப்பினர். ஒருவகையிற் கிளைகளை வெட்டித் தழையை அகற்றினர். ஒருவகையிற் கிளையை வெட்டாது தழையை மட்டும் கொணர்ந்திட்டனர். ஒருவகையை ஒன்றுஞ் செய்யாது விட்டனர். நாற்றுக்களின் தொகையை மாற்றியது பெரிதும் மேற்கூரை திறந்தமையே என்று அதனாற் பெறப்பட்டது. தழையின் செயல் அதற்கு அடுத்ததே.

மனிதர் விட்ட சுவடு

எல்லையிட்ட 16 ஹெக்டேரில் ஒரு பகுதி 1934க்கு முன்னர் மரம் வெட்டியும் பயிரிட்டும் பயன்படுத்தப்பட்டது. உழவு நின்று அரை நூற்றாண்டிற்கு மேலாகியும், அப்பகுதியில் தபோனூக்கோ குறைந்து, மென்மரங்கள் மிகுந்திருந்தன. புயலில் அங்கு முறிவும் மிகுந்தது. பின்னர் எழுந்த நாற்றுக்களும் வேறாயின. உழவர் சென்ற பின்னரும் அவர் உழவு காட்டைவிட்டு நீங்கவில்லை. நாற்றிருப்பை ஒருமுறை அழித்தோமாயின், அதன் பயன் நம் பேரர் காலத்துப் புயலில் வெளிப்படும்.

இடைவெளியே முதல்

1932ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், ஹ்யூகோவையொத்த கடும்புயல் இக்காட்டை 57 ஆண்டுகள் தாக்கவில்லை. கடும்புயல் சராசரியாக 50 அல்லது 60 ஆண்டிற்கு ஒருமுறையே இம்மலைகளைக் கடக்கும் என்று பண்டைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டிருந்தனர். அத்துணைக் காலம் நாற்று இளமரமாகவும், இளமரம் காய்க்கும் மரமாகவும் போதியது. ஆயின் ஹ்யூகோவிற்கு ஒன்பதாண்டு கழித்து, 1998இல் ஜார்ஜஸ் வந்தது. அதற்குப் பத்தொன்பதாண்டு கழித்து, 2017 செப்டம்பர் 20ஆம் நாள், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றோடு மரீயா அத்தீவிற் கரையேறிற்று. முந்தைய பெரும்புயல்களோடு ஒப்பிட, மரீயாவில் மரம் முறிதல் மும்மடங்கும், இறத்தல் இருமடங்கும் ஆயின. முன்னைப் புயல்களில் அசையாது நின்ற வன்மரங்களும் இதில் மிகுதியாக முறிந்தன. மலைப்பனையோ தாங்கி நின்றது.

கடல்நீர் வெம்மையுறுந்தோறும் கடும்புயல்கள் பின்னும் வலிமையும் மழையும் மிகுந்து வருமென அறிஞர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், நிழலிற் காத்திருந்து மெல்ல வளரும் மரங்களுக்குக் காலம் போதுமா? நாற்று இளமரமாகு முன்னர் அடுத்த புயல் வருமாயின் அவற்றின் பொறுமை பயனிழக்கும். பனையும் விரைவில் வளரும் மென்மரங்களுமே மேலோங்கும். காடு அப்பொழுதும் பசுமையாகவே தோன்றும். ஆனால் அது பழைய காடாயிராது. காற்றின் வேகத்தை மட்டும் அளந்து காட்டின் வருங்காலத்தை அறிதல் இயலாது. இரு புயல்களின் இடைவெளியையும், அவ்விடைவெளியில் நாற்று எவ்வளவு உயர்ந்தது என்பதையும் அளத்தல் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

அவுசூபோவின் உறவான பாலை, நம் கோடிக்கரைக் காட்டின் தலைமை மரங்களுள் ஒன்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தின் அருகே கரையேறிய கஜா புயல் அக்காட்டையும் தாக்கிற்று. லூக்கியோவிற் கண்டது அங்கும் அவ்வாறே நிகழுமென்று கொள்ளுதல் பிழையாகும். கோடிக்கரை மழை குறைந்த கடலோரக் காடு. சீமைக்கருவேல் பரவிய நிலமும் அங்குண்டு. ஆயினும் நாம் கேட்கவேண்டிய வினா இரண்டிடத்தும் ஒன்றே. வீழ்ந்த மரங்கள் எத்தனை என்று எண்ணியபின், நிற்கும் நாற்றுக்கள் எவை, எத்தனை என்றும் எண்ணினோமா?

புயலடித்தவுடன் வீழ்ந்ததை எல்லாம் வாரி அகற்றி, வெற்றிடத்திற் புதுக்கன்று நடுதல் நற்செயலெனவே பலர்க்குத் தோன்றும். வழியை மறித்தனவற்றையும் இடர் விளைப்பனவற்றையும் அகற்றுதல் கடனே. ஆனால் காட்டினுள் வண்டியும் சங்கிலியும் செலுத்தி மரங்களை இழுக்குங்கால், புயல் விட்டுவைத்த நாற்றுக்களை நாமே மிதித்தழிக்கின்றோம். முறிந்தும் உயிருள்ள அடிமரத்தை வெட்டுங்கால், தளிர்க்கவிருந்ததை விறகாக்குகின்றோம். முதலில் ஓராண்டு பொறுத்துப் பார்த்து, எங்கு நாற்று உண்டோ அங்கு அதனை மேய்ச்சலினின்றும் களையினின்றும் காத்து, எங்கு அறவே இல்லையோ அங்கு மட்டும் அவ்விடத்து மரத்தின் கன்றையே நடுதல் அறிவுடைமையாம்.

கடுகுவிதையின் உவமையைப் பலகாற் கேட்டறிந்த நம் கல்லூரி மாணவர்க்கு, சிறியதின் ஆற்றலைப்பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. அவர் செய்யத்தக்க சிறு பணி ஒன்றுண்டு. விடுமுறையில் அருகிலுள்ள காட்டிற்கோ தோப்பிற்கோ செல்வோர், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமுமாகக் கயிறிட்டு, அதனுள் நிற்கும் நாற்றுக்களைப் பெயரறிந்து எண்ணி, உயரம் அளந்து, நாளிட்டு எழுதிவைப்பாராக. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவ்விடத்தையே அளப்பாராக. லூக்கியோவின் அறிவு அத்தகைய குறிப்பேடுகளினின்றே பிறந்தது. புயல் வந்தபின் அக்குறிப்பைத் தொடங்குதல் இயலும். ஆனால் முன்னர் நின்றது யாதென்று அறிய, புயல் வருமுன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும்.