சரக்கு ஓடுவதைவிட நிற்பதே அதிகம்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி ஓர் இரவில் போய்விடும். அங்கிருந்து கொழும்புக்குச் சின்னக் கப்பலில் ஒரு நாள்கூட ஆகாது. ஆனால் பனியன் பெட்டி பேக்கிங் முடிந்த நாள் முதல், கொழும்பில் ஐரோப்பா போகும் பெரிய கப்பலில் ஏறும் நாள் வரை எண்ணிப் பார்த்தால் ஒரு வாரம், பத்து நாள் என்று இழுத்துவிடுவது சாதாரணம். மீதி நாளெல்லாம் பெட்டி எங்கே இருந்தது? குடோனில், யார்டில், எடை மேடை வரிசையில், துறைமுக வாசலில், யாரோ ஒருவர் போட வேண்டிய கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தது.

ஏற்றுமதி ஆவணங்கள் போடும் மேசையிலும், பிறகு குடோன் தளத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இதுதான். லாஜிஸ்டிக்ஸ் என்றால் வண்டி ஓட்டும் தொழில் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது காத்திருப்பைக் குறைக்கும் தொழில். சரக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் நாளும் பணமும் கரைகின்றன.

கன்டெய்னர் பிறந்ததே இந்தக் காத்திருப்பில் வெறுத்துப்போன ஒருவரால்தான். மால்கம் மெக்லீன் அமெரிக்காவில் லாரி ஓட்டித் தொழில் தொடங்கியவர். 1937-இல் பருத்திப் பொதிகளை ஏற்றிக்கொண்டு ஹோபோகன் துறைமுகத்துக்குப் போய், தொழிலாளர்கள் ஒவ்வொரு பொதியாகத் தூக்கிக் கப்பலில் அடுக்குவதைப் பார்த்தபடி நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாரிப் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன என்ற யோசனை நிறைவேறியது 1956 ஏப்ரல் 26-இல். அன்று ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் புறப்பட்டது. ஆள் வைத்து ஏற்றினால் டன்னுக்கு ஐந்து டாலருக்கு மேல் ஆன கூலி, பெட்டியில் 16 சென்ட்டுக்குள் அடங்கியது.

அந்தப் பெட்டி இன்று திருப்பூர்த் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றதும் அனுபவமுள்ள சூப்பர்வைசர் செய்யும் முதல் வேலையைப் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்கு ஆளைக் கூப்பிட மாட்டார். புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிடுவார்.

“தம்பி, உள்ள போய் நில்லு. கதவைச் சாத்தறேன். வெளிச்சம் எங்காச்சும் தெரியுதான்னு பாரு.”

இரண்டு கதவும் சாத்தப்படும். உள்ளே கும்மிருட்டு. சற்று நேரத்தில் குரல் வரும்: “மேல எடது மூலையில ஊசியாட்டம் ஒண்ணு தெரியுதுங்கண்ணா.”

அந்த ஊசித் துளை போதும், பெட்டி திரும்பிவிடும். கடல் பயணத்தில் மழையும் அலைத் தூறலும் அந்த வழியாக இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். துளை இல்லையென்றால் அடுத்தது மூக்கு. முன்பு ரசாயனமோ மீனோ ஏற்றிய பெட்டி என்றால் வாடை காட்டிக்கொடுக்கும். கடைசியாகத் தரைப் பலகையில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். பலகையில் ஈரம் இருந்தால், வெயிலில் அது ஆவியாகி, இரவில் குளிர்ந்த கூரையில் துளித்துளியாகச் சேர்ந்து சட்டைப் பெட்டிகளின் மேலேயே சொட்டும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

ஏற்றி முடித்துக் கதவை மூடியதும் சீல் எண்ணைப் படமெடுத்து வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். ஏற்றுமதியாளர் தன் தொழிற்சாலையிலேயே சீல் வைக்கும் பெட்டிகளுக்கு 2017 முதல் சிப் பொருத்திய மின்னணு சீல் வந்துவிட்டது. அப்படியும் பெட்டி எண், சீல் எண், தேதி மூன்றும் தெரியும்படி ஒரு படம் கைபேசியில் இருந்தால், பின்னால் அட்டைப் பெட்டி குறைகிறது என்று வாங்குபவர் சொல்லும்போது பேச்சு சீக்கிரம் முடியும்.

எடை விஷயத்திலும் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி எம்.எஸ்.சி. நெப்போலி என்ற கப்பல் உடைந்தது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளை எடை போட்டுப் பார்த்த விசாரணையாளர்கள், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கின் எடை ஆவணத்தில் எழுதியதற்கும் உண்மைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டதைக் கண்டார்கள். 2016 ஜூலை 1 முதல், எடை போட்டு உறுதி செய்யாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி. எடைச் சீட்டைக் கடைசி நேரத்துக்கு விட்டால் பெட்டி வாசலிலேயே நிற்கும்.

கடைசி நேரம் என்றால் என்ன? கப்பல் புறப்படும் நேரம் இல்லை, துறைமுகம் பெட்டியை வாங்கிக்கொள்ளும் கெடு. தொழிலில் கட்-ஆஃப் என்பார்கள். திட்டமிடுபவர் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: வாசல், எடை மேடை, சுங்க அனுமதி, லாரி, ஏற்றுதல், பேக்கிங், செக்கிங், தையல். முன்னோக்கி எண்ணுபவர்கள்தான் தையல் முடிந்ததும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

திருப்பூர் வியாபாரத்தில் பெரும்பகுதி எஃப்.ஓ.பி. கணக்கு. கப்பலில் ஏற்றுவதுவரை விற்பவர் பொறுப்பு, கடல் கட்டணம் வாங்குபவருடையது. கேட்க வசதியாக இருக்கும். ஆனால் சொன்ன தேதியில் சரக்கு கப்பல் ஏறாவிட்டால், பல வாங்குபவர்கள் ‘விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு விமானக் கட்டணம் அந்த ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும்.

விமானத்தில் அட்டைப் பெட்டியின் அளவே பணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். வருவதும் உண்மையான எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 60, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு 16 கிலோ கணக்காகும், உள்ளே 12 கிலோ துணிதான் இருந்தாலும் சரி. உயரத்தை 35 ஆக்கினால் 14 கிலோ. ஒரு பெட்டிக்கு இரண்டு கிலோ அற்பமாகத் தெரியும். ஐந்நூறு பெட்டி என்றால் ஒரு டன். பேக்கிங் பகுதியில் இருப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காத நிறுவனங்கள் இன்னும் நிறைய.

நம் கையை மீறிய காத்திருப்புகளும் உண்டு. 2021 மார்ச் 23-இல் 400 மீட்டர் நீள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியபோது, 29-ஆம் தேதி அது விடுபடுவதற்குள் முன்னூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூத்திகளுடைய தாக்குதல் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் ஐரோப்பாவுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை கூடியது. கோடை உடுப்பு கோடை பாதி முடிந்து போய்ச் சேர்ந்தால் அதற்குத் தள்ளுபடி விலைதான். வாங்குபவரிடம் செய்தியை முதல் நாளே சொல்லி, அவசர அளவுகளை மட்டும் தனியாகப் பிரித்து முன்னால் அனுப்பியவர்கள் தப்பித்தார்கள்.

உள்நாட்டிலும் கதை இதேதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் மறைந்தபோது நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் காத்திருப்பு இப்போது தாளுக்குள் வந்திருக்கிறது. வெளிமாநிலம் போகும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், புது வண்டி எண்ணை அதில் ஏற்றியாக வேண்டும். கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வாய்ப்பு உண்டு. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் தவறியிருந்தால் மொத்தம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட வேண்டும் என்று 2018 செப்டம்பர் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் டிரைவரின் பையில் இருந்தால் சாலையோர வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

ஜி.பி.எஸ். வந்துவிட்டதே, இன்னும் என்ன சிக்கல் என்று கேட்பார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். ஏன் நிற்கிறது என்று டிரைவருக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், புதுத் தொழில்நுட்பத்தில் உண்மையில் பயனுள்ளவை கைமாறும் இடங்களைக் காட்டிக்கொடுப்பவைதான். தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கும் டேட்டா லாகர் நல்ல உதாரணம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தின் வெப்பம் எப்போது ஏறியது என்று அது வரைபடமாகக் காட்டும். நான் பார்த்த வரைபடங்களில் கோடு மேலே போனது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல. இறக்கி வைத்துவிட்டு, ‘வாங்கிக்கொள்ள ஆள் வரட்டும்’ என்று நிழலில்லாத மேடையில் விட்டபோதுதான்.

குடோனுக்குள்ளும் தொழில்நுட்பம் வந்திருக்கிறது. 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு கிவா என்ற ரோபோ நிறுவனத்தை வாங்கியது. பொருளைத் தேடி ஆள் நடப்பதற்குப் பதில் அலமாரியே ஆளிடம் வருகிறது. நம் ஊர் குடோன்கள் அதற்குப் போகும் முன் பார்கோடை ஒழுங்காக ஒட்டினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங்கும் மின்னணு வடிவத்துக்கு நகர்கிறது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பல 2030-க்குள் அதை முழுவதும் மின்னணுவாக்க உறுதி சொல்லியிருக்கின்றன. சரக்கு முன்னால் போய், கூரியரில் வரும் தாளுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் அவலம் அதனால் குறையும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு வழிகள் நிறைய. லாஜிஸ்டிக்ஸ் துறைக்கான திறன் மேம்பாட்டுக் கவுன்சிலின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் சென்னைதான். துறைமுக, லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை அங்கே பாடம். பெரிய பட்டம் இல்லாதவர்களுக்குச் சுங்கத் தரகர் நிறுவனம் நல்ல வாசல்: எச் கார்டு என்ற சுங்க அடையாள அட்டையோடு உதவியாளராகத் தொடங்கி, தேர்வெழுதி ஜி கார்டு, பிறகு எஃப் கார்டு என்று ஏறலாம்.

எந்தப் படிப்பில் சேர்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்டுவதற்கு முன், தெரிந்தவர் யாரையாவது பிடித்து, ஒரு வாரம் ஒரு சரக்கு நிலையத்தின் வாசலில் நில்லுங்கள். கட்-ஆஃபுக்கு முந்தைய இரவாக இருந்தால் நல்லது. வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஒன்றைப் பார்த்து, ‘இது ஏன் நிற்கிறது’ என்று விசாரித்து அறியும் ஆர்வம் வந்தால் தயங்காமல் சேருங்கள்.